தொண்டும் தொழுகையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கிறேன்.



சில வாரங்களுக்கு முன் நமது சங்கக் கட்டடத்தில், வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் புறப்படும் வாலிபர்களை வழியனுப்பும் கூட்டமொன்று நடந்தது. பிரசங்கங்கள் முடிந்து தேநீர் வந்த சமயம், புறப்பட இருந்த வாலிபரில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "அங்கே பசியோடு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் பாங்கு சொல்வார்கள். அப்போது நான் வரிசையைக் கவனிப்பதா, தொழப் போவதா? தொண்டு செய்வதும் இபாதத்துத்தானே?" என்று கேட்டார்.

பெரியவர்கள் இருவர் பதில் சொன்னார்கள். மறுமையில் முதற்கேள்வி தொழுகையைப் பற்றித்தான், ஆகவே எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தொழப் போகவேண்டியதுதான் என்றார் ஒருவர். பசித்தவனுக்குச் சோறு போடுவதே பெரிய தொழுகை, அல்லாஹ் நம் தொழுகையின் தேவையில் இல்லை என்றார் மற்றவர். சபையில் இருந்தவர்கள் இருவருக்கும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் முதற் பெரியவர் சொன்னதையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், இரண்டாமவர் சொன்னதையும் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டிலும் நஷ்டப்பட்டேன். அந்த நஷ்டத்தில் ஒரு பங்கு இன்னொருவருடைய நஷ்டம். கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் ஆலிமல்லன். சிறு வயதில் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, வாப்பாவின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றவன். இன்றைக்கும் கடைக்காரன்தான். மார்க்கச் சட்டத்தில் நான் பிழையாகச் சொல்லியிருந்தால் ஆலிம் பெருமக்கள் திருத்தியருள வேண்டும்.

விஷயம் 2005-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஆச்சேயில் நடந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சற்று முன், சுமாத்திராவின் மேற்குக் கடலில் பூமி அதிர்ந்ததும், கடல் பொங்கியதும் நம்மில் நடுவயதினர் யாருக்கும் மறந்திராது. நம் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் எங்கள் பினாங்கில். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். ஆச்சேயிலோ 1,50,000-க்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனார்கள்.

ஆச்சே பினாங்குக்காரனுக்கு அந்நிய தேசமல்ல. எங்கள் ஊரில் ஆச்சே வீதி என்று ஒரு வீதியே இருக்கிறது. அங்குள்ள பள்ளிவாசல் ஆச்சேயிலிருந்து வந்த வர்த்தகரால் 1808-ல் கட்டப்பட்டது. கப்பல் காலத்தில் ஹஜ்ஜுப் பிரயாணிகள் கூடிய வீதி அது. அந்தக் காலத்து மிளகும் பாக்கும் அங்கிருந்துதான் வந்தன. "ஸெராம்பி மெக்கா" என்று அந்நாட்டுக்கு ஒரு பெயர் உண்டு. மக்காவின் திண்ணை என்று நாம் சொல்லலாம். அந்தத் திண்ணையில் பிணம் கிடக்கிறது என்று கேள்விப்பட்டபோது, கடைவீதியில் யாருக்கும் கடை திறக்க மனமில்லை.

எனக்கு அப்போது வயது இருபத்து நாலு. பதினோரு பேர் புறப்பட்டோம். பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. மேடானில் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, அரிசி, போர்வை, கைலி, பிஸ்கட்டு எல்லாவற்றையும் இரண்டு லாரிகளில் ஏற்றிக்கொண்டு, சுமார் 600 கிலோமீட்டர் தரைமார்க்கமாகப் போனோம்.

எங்களில் ஷாபிகளும் இருந்தார்கள், ஹனபிகளும் இருந்தார்கள். லாரியில் இரவு முழுதும் ஒரு விவாதம். நாம் முஸாபிர்கள்தானா? தொழுகையைச் சுருக்கலாமா? ஷாபி மத்ஹபில் ஓரிடத்தில் நாலு நாள் தங்க நிய்யத்துச் செய்தவன் ஊர்வாசியாகிறான். ஹனபியில் பதினைந்து நாள். நாங்கள் தங்கப்போவது பதிமூன்று நாள். ஆகவே ஒரு லாரியில் கஸ்ரு உண்டு, ஒரு லாரியில் இல்லை என்று சிரித்துக்கொண்டோம். மார்க்கத்தைப் பேணிப் போகிறோம் என்ற திருப்தி எங்களுக்கு இருந்தது. சாமான்களை எப்படி விநியோகிப்பது, யார் எந்த நேரத்தில் எங்கே நிற்பது என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை.

பந்தா ஆச்சே நகரத்தில் பைத்துர்ரஹ்மான் பெரிய பள்ளிவாசலைப் பார்த்தோம். 1873-ல் டச்சுக்காரர் படையெடுப்பில் எரிந்து, 1881-ல் அவர்களாலேயே மறுபடி கட்டி முடிக்கப்பட்ட பள்ளி. வெள்ளம் வந்தபோது ஏராளமான ஜனங்கள் அங்கே தஞ்சம் புகுந்து உயிர் தப்பினார்கள். லொக்ங்கா போகும் மேற்குக் கரையில், ஊரெல்லாம் துடைத்துப் போட்ட மாதிரி இருக்க, லம்பூக் கிராமத்துப் பள்ளிவாசல் ஒன்று மட்டும் நின்றது. தூண்களுக்கிடையே தண்ணீர் புகுந்து போக வழியிருந்ததால் நின்றது என்றார் எங்களோடு வந்த ஓர் இஞ்சினியர். அல்லாஹ்வின் நாட்டத்தால் நின்றது என்றார்கள் ஊரார். இரண்டையும் கேட்டுக்கொண்டேன்.

நாங்கள் தங்கியது கடலுக்கு எட்டாத மேட்டுப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு சிறு கிராமத்தில். அவ்வூர்களில் பெரிய பள்ளிவாசல் அல்லாமல் ஒவ்வொரு கிராமத்துக்கும் மெனாசா என்று ஒரு சிறு தொழுமிடம் உண்டு. பிள்ளைகள் ஓதுவதும், ஊர் வழக்கு தீர்ப்பதும், வழிப்போக்கர் படுப்பதும் அங்கேதான். அந்த மெனாசாவைச் சுற்றி வீடிழந்தவர்களின் கூடாரங்கள். மெனாசாவின் இமாமை, அவ்வூர் வழக்கப்படி, தெங்கு என்று எல்லாரும் அழைத்தார்கள். அறுபது வயதிருக்கும். கடலோரத்தில் கட்டிக்கொடுத்த மகளையும் பேரப்பிள்ளைகளையும் இழந்தவர் என்று பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

நான் கடைக்காரப் பையனாகையால் சாமான் கூடாரத்தின் சாவியும் கணக்குப் புத்தகமும் என்னிடம் வந்தன. கூடாரத்துக்குள் பூட்டுப் போட்ட மரப்பெட்டிகளில் சாமான் இருந்தது. இலக்கம் போட்டு, பெயர் எழுதி, சாமானைக் கொடுக்கவேண்டியது என் வேலை. கணக்கில் ஒரு போர்வைகூடத் தவறக்கூடாது என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேலிருக்கும். வரிசையில் இன்னும் இருபது இருபத்தைந்து பேர். 46-ஆவது ஆளுக்குச் சாமான் கொடுத்தாயிற்று. அடுத்தது ஒரு பெண்பிள்ளை. இடுப்புத் துணியில் ஒரு குழந்தையைக் கட்டியிருந்தார். குழந்தைக்கு இருமல். புத்தகத்தில் 47 என்று இலக்கம் போட்டேன். போர்வையைக் கையில் எடுத்துவிட்டேன். பெயர் கேட்கப் போகும்போது மெனாசாவில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள்.

சகோதரர்களே, நான் என்ன செய்தேன் தெரியுமா? போர்வையைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். தொழுதுவிட்டு வருகிறேன், இருங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். முதல் ஸப்பில் இடம் கிடைத்தது. தெங்கு அவர்கள் தொழுகையைச் சுருக்கமாக நடத்தி, ஸலாம் கொடுத்து, சின்னதாக ஒரு துஆ ஓதிவிட்டு எழுந்துபோனார்கள். ஊராரும் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அவ்வளவு துயரத்தைப் பார்த்த மனம் அன்றைக்குத்தான் இளகியது. வழக்கமாக ஓதும் தஸ்பீஹுகளை ஓதி, ஆச்சேயின் அநாதைக் குழந்தைகளுக்காகக் கையேந்தி அழுதேன். அப்படி ஒரு தொழுகை அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை. அல்லாஹ் என்னை ஏற்றுக்கொண்டான் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அது விடட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஓதினேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் வரிசையில் ஆளில்லை. பெரும்பாலோர் தத்தம் கூடாரத்துக்குள் போயிருந்தார்கள், கூப்பிட்டதும் வந்தார்கள். அந்தப் பெண்பிள்ளை மட்டும் வரவில்லை. விசாரித்தேன். அவர் அந்தக் கிராமத்து முகாமைச் சேர்ந்தவரல்லர். உறவினரைத் தேடிக் கிழக்கே போகிறவர். வழியில் எங்கள் வரிசையைக் கண்டு நின்றிருக்கிறார். மழையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறார். ஆட்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு லாரி வந்தது, அதில் ஏறிப் போய்விட்டார். போர்வையில்லாமல், இருமுகிற குழந்தையோடு, திறந்த லாரியில்.

தெங்கு அவர்கள் மழையில் கூடாரக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். தொழப் போனதால் இப்படியாகிவிட்டது என்றேன். அவர்கள் என்னைக் கோபிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுத் தொழ வந்தீர்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் பக்கத்துக் கூடாரத்தில் எங்கள் ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒருவரிடம் சாவியைக் கொடுத்திருந்தால் அவர் விநியோகித்திருப்பார். நான் வந்தபின் அவர் தொழுதிருப்பார். அஸருடைய நேரம் சூரியன் அடையும் வரை இருக்கிறது. அங்கே சூரியன் அடைய ஆறரைக்கு மேலாகும். பாங்கு சொன்ன நிமிஷத்திலேயே தொழுவது சிறப்பு, ஆனால் அதுதான் பர்ளு என்று ஒருவரும் எனக்கு ஓதிக்கொடுக்கவில்லை. தொழுகைக்கு அல்லாஹ் அகலமான நேரம் கொடுத்திருக்கிறான். அந்தக் குழந்தையின் குளிருக்கு அப்படி அகலமான நேரம் கிடையாது. நான் அன்று காப்பாற்றியது பர்ளையல்ல. முதல் நேரம், முதல் ஸப்பு, நீண்ட துஆ ஆகிய சிறப்புகளைத்தான் காப்பாற்றினேன். அந்தச் சிறப்புக்கு விலை கொடுத்தவர் அந்தப் பெண்பிள்ளை.

இது முதல் நஷ்டம். இரண்டாவது நஷ்டம் அடுத்த நாளே ஆரம்பித்தது.

பட்டவனுக்குப் புத்தி எதிர்ப்பக்கம் ஓடும். இனிமேல் ஒருவரையும் காக்க வைப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு, நான் கூடாரத்தைவிட்டு நகரவேயில்லை. லுஹரைக் கடைசி நேரத்தில் அவசரமாகத் தொழுதேன். அன்று மகரிபு நேரத்தில் லாரி வந்தது. மூட்டை இறக்கி முடிவதற்குள் மகரிபு போய்விட்டது. மறுநாள் அஸரும் போய்விட்டது, மகரிபும் போய்விட்டது. களாச் செய்துகொள்ளலாம், நான் செய்வதும் இபாதத்துத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதானால், அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது. தொழப்போகிறவர்களைப் பார்த்து, இவர்களுக்குச் சடங்குதான் தெரியும், எனக்கு அதன் பொருள் தெரியும் என்று உள்ளுக்குள் ஓர் இளக்காரமும் வந்தது.

அன்றிரவு தெங்கு அவர்கள் நான் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, "சுடா செம்பாயாங்?" என்றார்கள். தொழுதாகிவிட்டதா என்று. நான் கெட்டிக்காரத்தனமாக, எங்கள் வேலையும் தொழுகைதானே என்றேன். அவர்கள் சற்றுப் பேசாமலிருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: "மூன்று வாரமாக நான் மய்யித்துச் சுமக்கிறேன். குளிப்பாட்டவும் கபனிடவும் முடியாமல் பலரை ஒரே குழியில் வைத்தோம். நாளைக்கு ஐந்து வேளை அதை நிறுத்திவிட்டுக் கை கழுவி நிற்காவிட்டால், எனக்கு அவர்கள் மனிதர்கள் என்பதே மறந்துபோயிருக்கும்." இவ்வளவுதான் சொன்னார்கள். நான் ஒளுச் செய்துவர அவர்களே ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

தொழுது முடித்தபின் அந்த இரண்டு நாட்களையும் நினைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு கிழவரை, "ஒருதரம் வாங்கியாச்சு, ஏன் மறுபடி வருகிறீர்?" என்று சத்தம் போட்டு விரட்டியது நினைவு வந்தது. கடன் கேட்டு வருகிறவனிடம் கடைக்காரன் பேசும் குரல் அது. அரிசி என்னுடையது, கொடுப்பவன் நான், நிற்பவர்கள் அவர்கள் என்று ஆகிவிட்டேன். தினம் ஐந்து முறை நெற்றியைத் தரையில் வைக்கிறவனுக்கும் இந்த எண்ணம் வரத்தான் செய்யும். ஆனால் அது வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியவரும். எனக்கு இரண்டு நாளாகத் தெரியவரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமான் பட்டியல் போட்டபோது நாங்கள் அரிசி, மருந்து, போர்வை என்றுதான் யோசித்தோம். அந்த முகாமிலிருந்த பெண்கள் எங்களிடம் கேட்ட முதற் சாமான்களில் ஒன்று முக்கெனா. நம் நாட்டில் தெலக்கோங் என்று சொல்லும் தொழுகை அங்கி. உடுத்த துணியோடு ஓடிவந்தவர்கள், ஓரங்கியை நாலைந்து பேர் மாற்றி மாற்றி உடுத்தித் தொழுதுகொண்டிருந்தார்கள். தொழுகை வயிறு நிறைந்தவனுடைய ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எல்லாம் போன பிறகு அவர்கள் கையில் மிஞ்சியிருந்தது அதுதான். அவர்களுக்குத் தொண்டு செய்யப் போன நான் அதை வேண்டாமென்று தள்ளினால், அவர்களிடம் இருந்ததில் ஒன்றுகூட எனக்குப் புரியவில்லை என்றுதானே அர்த்தம்?

நிற்க. இப்போது அந்த வாலிபருடைய கேள்விக்கு வருகிறேன்.

தொண்டு பெரிதா, தொழுகை பெரிதா என்று கேட்பதே பிழை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். நாம் வியாபாரிகள். நமக்கு இரண்டு கடன்காரர்கள் இருந்தால், ஒருவருக்குச் சேரவேண்டியதை மற்றவருக்குக் கொடுத்துவிட்டு இருவருக்கும் தீர்த்துவிட்டேன் என்று ஐந்தொகை எழுத முடியுமா? அல்லாஹ்வுடைய ஹக்கு ஒரு பேரேடு, அடியார்களுடைய ஹக்கு ஒரு பேரேடு. மதரஸாவில் சிறுபிள்ளையிலேயே நமக்கு ஓதிக்கொடுத்தது இது. தன்னுடைய ஹக்கை அல்லாஹ் நாடினால் மன்னிப்பான். அடியானுடைய ஹக்கை அந்த அடியான் மன்னிக்க வேண்டும். வரிசையைப் போட்டுவிட்டுப் போனவன் ஒரு பேரேட்டில் கடனாளியானான். தொழுகையைப் போட்டுவிட்டு வரிசையில் நின்றவன் மற்றதில் கடனாளியானான். நான் மூன்று நாளில் இரண்டிலும் ஆனேன்.

அப்படியானால் வழியென்ன? வழியைத் திருக்குர்ஆனே காட்டியிருக்கிறது. யுத்தகளத்தில் எதிரி முன்னால் நிற்கும்போது தொழுவது எப்படி என்று நிஸா அத்தியாயத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு கூட்டம் நபியவர்களோடு தொழ, மற்றொரு கூட்டம் காவல் நிற்கும். பிறகு காவல் நின்றவர்கள் வந்து தொழுவார்கள். யோசித்துப் பாருங்கள், சகோதரர்களே. யுத்தத்தின் நடுவில்கூடத் தொழுகையை அல்லாஹ் தள்ளுபடி செய்யவில்லை. தொழுகைக்காகக் காவலையும் விடச் சொல்லவில்லை. முறை வைக்கச் சொன்னான். தெங்கு அவர்கள் கேட்ட கேள்வியும் இதுதான். சாவியை யாரிடம் கொடுத்தீர்?

நமது நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தொழுகையை நீட்டித் தொழ நாடி நின்று, பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று ஹதீஸில் வருகிறது. சிறுவயதில் இதை ஓதியிருக்கிறேன். குழந்தைகளுக்காக நீட்டி அழுத அன்று இது எனக்கு நினைவு வரவில்லை. நீரில் மூழ்குகிறவன் கூப்பிட்டால் தொழுகையை முறித்துவிட்டுப் போய்க் காப்பாற்ற வேண்டுமென்று நம்முடைய சட்டக் கிதாபுகளில் இருக்கிறது. ஆனால் முறித்தவன் திரும்பி வந்து தொழ வேண்டும் என்பதும் சட்டந்தான். இரண்டாவது வரியை நாம் மறந்துவிடக் கூடாது.

ஒரு பிரயாணத்தில் கடும் வெயில். சஹாபாக்களில் நோன்பு வைத்தவர்கள் சோர்ந்து விழுந்துவிட்டார்கள். நோன்பு வைக்காதவர்கள் கூடாரம் அடித்து, ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டினார்கள். அன்றைய நற்கூலியை நோன்பில்லாதவர்களே கொண்டுபோனார்கள் என்று நாயகம் அவர்கள் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. தொண்டு செய்தால் வணக்கம் வேண்டாம் என்பதற்குச் சிலர் இதை ஆதாரம் காட்டுகிறார்கள். அது சரியல்ல. பிரயாணத்தில் நோன்பை விடுவது அல்லாஹ் கொடுத்த சலுகை. ஊர் திரும்பியதும் அதை நோற்றுவிட வேண்டும். சலுகையை எடுத்துக்கொண்டு பிறர் பாரத்தைச் சுமந்தவர்களுக்குத்தான் அந்தப் புகழ். கடமையைக் கைகழுவியவர்களுக்கல்ல.

மறுநாள் முதல் நாங்கள் முறை வைத்தோம். பாங்கு சொன்னதும் பாதிப்பேர் போவோம், பாதிப்பேர் நிற்போம். அவர்கள் வந்ததும் இவர்கள் போவார்கள். அதற்குச் செலவானது ஒரு துண்டுக் காகிதமும் ஐந்து நிமிஷப் பேச்சுமே. முதல் நாளே இதைச் செய்திருந்தால் 47 என்ற இலக்கத்துக்கு எதிரே ஒரு பெயர் இருந்திருக்கும்.

ஜனவரி 21, வெள்ளிக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள். முந்தின இரவு மகரிபுக்குப் பின் மெனாசாவில் தக்பீர் ஆரம்பித்தார்கள். கூடாரங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் குரல் சேர்ந்தது. வீட்டில் ஏழெட்டுப் பேராக இருந்து ஒருவராக மிஞ்சியவர்களும் சொன்னார்கள். நடுவில் குரல் உடைந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்போது பக்கத்தில் இருப்பவர் அந்த வார்த்தையை எடுத்து முடிப்பார். நான் எத்தனையோ பெருநாள் தொழுதிருக்கிறேன். புத்தாடையும் பிரியாணியுமில்லாத அந்தப் பெருநாளுக்குச் சமமாக எனக்கு ஒன்று வாய்க்கவில்லை. அன்று காலை நான் தொழுதபோது மற்றொரு சகோதரர் சாவியோடு கூடார வாசலில் நின்றார். அவருக்கும் அந்த ஜமாஅத்தில் பங்குண்டு என்று நம்புகிறேன்.

ஊருக்குத் திரும்பியபோது எங்களுக்கு மாலை போட்டார்கள். நானும் கழுத்தை நீட்டினேன். போர்வையின் கதையை ஒருவரிடமும் சொல்லவில்லை.

சகோதரர்களே, இது கடல் கடந்து போகிறவர்களுக்கு மட்டுமான விஷயமா? நம் கடைகளைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை முதலாளி நேரத்தோடு குளித்து, அத்தர் பூசி, முதல் ஸப்புக்குப் போய்விடுகிறார். கடைப்பையன் கல்லாவை விட்டு நகர முடியாது. அவனுடைய ஜும்ஆ என்னாயிற்று என்று யார் கேட்கிறோம்? இன்னொரு கடையில், சரக்குக் கொடுத்தவன் பணத்துக்காக வாசலில் நிற்கிறான், முதலாளி பள்ளிவாசலில் இருக்கிறார் என்று சொல்லி மூன்று தரம் திருப்பி அனுப்புகிறார்கள். மற்றொரு கடையில், வியாபார நேரம், ஜனங்களுக்குச் சேவை என்று சொல்லி அஸரும் மகரிபும் ஒன்றாய்ப் போகின்றன. தொழுகையை ஒருவர் கேடயமாகப் பிடிக்கிறார், சேவையை மற்றவர் கேடயமாகப் பிடிக்கிறார். இரண்டுக்கும் பின்னால் ஒளிந்திருப்பது நம்முடைய சௌகரியந்தான். நானும் இவர்களில் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். என் கடையில் இப்போது நாலு பேர். பெருநாள் நெருக்கத்தில்கூட ஒவ்வொரு வேளைக்கும் யார் முதலில், யார் பின்னால் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். ஜும்ஆ நேரத்தில் கடையையே சாத்திவிடுகிறேன். இதனால் வியாபாரம் குறைந்ததாகச் சொல்ல மாட்டேன்.

இனி அந்தப் போர்வைக் கடன். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எனக்கு ஓதிக்கொடுத்த ஹஸரத்து அவர்களிடம் ஒருநாள் கேட்டேன். கடன் கொடுத்தவரைக் கண்டுபிடிக்க வழியே இல்லையென்றால், அவர் பேரால் தருமம் செய், அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேள், அவரைக் காண நேர்ந்தால் அவரிடமும் கேள் என்றார்கள். அப்படியே ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் மாதத்தில் போர்வைகள் வாங்கிக் கொடுத்து வருகிறேன். அதனால் கணக்குத் தீர்ந்துவிட்டதென்று நான் எழுதிக்கொள்ளவில்லை. தீர்ந்தது என்று சொல்ல வேண்டியவர் நானல்லவே. அந்தக் குழந்தை உயிரோடிருந்தால் இப்போது இருபதைத் தாண்டிய வயது. என் கடைக்கு அந்த வயதில் யாராவது வந்தால் சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

புறப்படும் வாலிபர்களுக்கு நான் சொல்வது இதுதான். லாரியில் ஏறும் முன்பே முறையை எழுதிக்கொள்ளுங்கள். பாங்கு கேட்டதும், உங்கள் கையில் யாருடைய சாமான் இருக்கிறது என்று பாருங்கள். கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போங்கள், அல்லது சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். தொழப்போன இடத்தில் சுருக்கமாகத் தொழுங்கள். நீட்டித் தொழ ஆசையிருந்தால் இரவு இருக்கிறது, அப்போது வரிசையில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். ஆனால் எந்த வேலையின் பேராலும் தொழுகையை விட்டுவிடாதீர்கள். விட்டால், இரண்டாம் நாள் நீங்கள் யாரை விரட்டுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. மாலை போட வந்தால், வாங்கிக்கொள்ளும் முன் உங்கள் கணக்குப் புத்தகத்தை ஒருதரம் புரட்டிப் பாருங்கள்.

பெயர் தெரியாத அந்தச் சகோதரியும் அவர் குழந்தையும் எங்கே இருந்தாலும் அல்லாஹ் அவர்களுக்கு நல்வாழ்வு கொடுப்பானாக. இவ்வுலகில் இல்லையென்றால் மேலான சுவனத்தைக் கொடுப்பானாக. என்னை மன்னிக்கும் மனத்தை அவருக்குத் தருவானாக. நம்முடைய தொழுகையையும் தொண்டையும் ஒன்றை ஒன்று அழிக்காமல் காத்தருள்வானாக. ஆமீன்.